உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் ஒரே மாதிரி வேலை தொடங்கும். சன்ஷேடின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரியும். கார் நிறுத்தும் தரைத்தளத்தில் தூணின் மூலையோரமாக மேலிருந்து கீழே நூல் பிடித்தாற்போல் விரிசல் ஓடும். மேல்மாடி வீட்டுக் கூரையில் பழுப்புத் திட்டு படர்ந்திருக்கும். அசோசியேஷன் கூடி, இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிடும். அவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை எழுதித் தருவார்கள். எல்லாத் தாளிலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: உதிர்ந்ததைக் கொத்தி எடுப்பது, துருவைத் தேய்ப்பது, கம்பிக்கு ஒரு பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை, கடைசியில் பெயின்ட். ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: சென்னை அல்லவா, உப்புக் காற்று.

இந்த வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சரியான இடத்தில் ஒழுங்காகச் செய்தால் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் தாம்பரம் வட்டாரத்தில் கம்பி துருப்பிடிக்க இரண்டு வேறுவேறு காரணங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு இந்த வேலை போதும். மற்றொன்றுக்கு இதே வேலை வீண்செலவு. சில நேரம் கேடு. எது என்று பார்க்காமலேயே விலை எழுதப்படுகிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் உப்புக் காற்று. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள்தான் காற்றில் உப்பை ஏற்றுகின்றன. கனமான துளிகள் கரையோரமே படிந்துவிடும். உள்ளே வர வர அளவு மளமளவென்று சரியும். பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே வீடு கட்டியவர் உப்புக் காற்றை நினைத்துக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 கான்கிரீட்டும், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவரும், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனமும், கேட்கிறது; கடல்நீர் நேராகத் தெறிக்கும் இடத்துக்கு எம்35, 50 மி.மீ. தாம்பரமோ கடலிலிருந்து நேர்கோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. பெருங்களத்தூரும் முடிச்சூரும் அதற்கும் உள்ளே. இங்கே முப்பது வயதுக் கட்டடத்தின் சன்ஷேடு விழுந்ததற்குக் கடலைக் காரணம் காட்டினால், அருகிலேயே இருக்கும் காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

நல்ல கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பி தானாகத் துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பி.எச். அளவு 12.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. அந்தப் படலம் போவதற்கு இரண்டு வழிகள். ஒன்று கார்பனேற்றம்: காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடு வெளியிலிருந்து மெல்ல ஊறி உள்ளே வந்து, சுண்ணாம்புச் சத்தைக் கார்பனேட்டாக மாற்றி, காரத்தை 9 அளவுக்கு இறக்கிவிடும். மற்றொன்று குளோரைடு, அதாவது உப்பு. அது கம்பியைச் சென்றடைந்தால், காரம் குறையாமல் இருக்கும்போதே படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடும். முதல் வழியில் துரு பரவலாக, மெதுவாக வரும். இரண்டாம் வழியில் ஓரிடத்தில் ஆழமாகக் குழி விழும். வெளியே விரிசல் தெரியும் முன்பே உள்ளே கம்பி மெலிந்திருக்கக்கூடும். எப்படி வந்தாலும் துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

தாம்பரம் உட்பகுதி அடுக்ககங்களில் பெரும்பாலும் நடப்பது முதல் வழி என்பது என் கணிப்பு. கட்டிய விதமே அதற்குச் சாட்சி. 1990களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஜி.எஸ்.டி. சாலைக்கு இருபுறமும், வேளச்சேரி சாலை நெடுகிலும் மளமளவென்று எழுந்த மூன்று மாடிக் கட்டடங்களில், தூண் சுவருக்குள் மறைய வேண்டும் என்பதற்காக ஒன்பது அங்குல அகலத்தில் வார்த்தார்கள். 230 மி.மீ. அகலத்தில் தரவிதி சொல்லும் 40 மி.மீ. கவரை இரண்டு பக்கமும் விட்டால் நடுவில் 150 மி.மீ.தான் மிஞ்சும். அதற்குள் கம்பிகளை நெருக்கிக் கட்டுவது சிரமம். கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம் சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொண்டது. கவர் பிளாக்குக்குப் பதிலாக ஒரு ஜல்லிக் கல்லைச் செருகினார்கள். வைப்ரேட்டர் இல்லாமல் கம்பியால் குத்தி இறக்கிய கலவை, தூணின் அடியில் தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாக நின்றது. அதை மேல்பூச்சு மறைத்தது. சன்ஷேடில் இன்னும் மோசம். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பலகைக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கலவை கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்தால் கம்பி கீழே இறங்கிவிடும். பலகையின் பலமும் போகிறது, அடிப்பக்கக் கவரும் போகிறது.

கவரின் அருமை ஒரு சின்னக் கணக்கில் விளங்கும். கார்பனேற்றம் ஆண்டுக்கு இத்தனை மி.மீ. என்று ஒரே சீராக நகர்வதில்லை. காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி நகரும். ஒரு கலவையில் அது 10 மி.மீ. ஆழத்தை எட்ட ஆறு ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கலவையில் 20 மி.மீ.யை எட்ட 24 ஆண்டு ஆகும். 30 மி.மீ.யை எட்ட 54 ஆண்டு. கவர் இரட்டித்தால் ஆயுள் நான்கு மடங்கு. இந்த விலைக்கு இவ்வளவு ஆயுளைத் தரும் இரசாயனப் பூச்சு எதையும் நான் அறியேன். அதோடு தண்ணீர் விட்டு ஆற்றுவதும் சேரும். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் உப்பு ஊடுருவலைத் தடுப்பதில் சாதாரண சிமென்டைவிட மேலானது. ஆனால் நன்றாக நனைத்து ஆற்றாவிட்டால் அதில் கார்பனேற்றம் விரைவாக நடக்கும். ஐ.எஸ். 456 சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது ஏழு நாளும், கலப்பு சிமென்டுக்குப் பத்து நாளும், வறண்ட வெப்பமான காலநிலையில் பத்து நாளுக்குக் குறையாமலும் நனைத்து வைக்கச் சொல்கிறது; கலப்பு சிமென்டுக்கு அதைப் பதினான்கு நாளாக நீட்டவும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குகிறார்கள். தூணுக்குச் சாக்குச் சுற்றி அத்தனை நாள் நனைத்தவர்கள் குறைவு.

காரம் இறங்கியதும் கம்பி உடனே துருப்பிடித்துவிடும் என்பதும் இல்லை. தண்ணீர் வேண்டும். காய்ந்த கான்கிரீட்டில் காரம் முழுக்கப் போன பிறகும் கம்பி பல ஆண்டு அப்படியே கிடக்கும். ஒரே வீட்டில் கூடத்தின் கூரை நன்றாக இருக்க, குளியலறைக் கூரை மட்டும் பெயர்வது இதனால்தான். மேல்வீட்டுக் குளியலறையில் தளத்தைத் தாழ்த்தி, குழாய்களை ஓட்டி, செங்கல் துண்டு போட்டு நிரப்பியிருப்பார்கள். ஒரு குழாய் இணைப்பில் கசிவு வந்தால் அந்தச் செங்கல் துண்டெல்லாம் தண்ணீரைக் குடித்துவிட்டு, மாதக்கணக்கில் கீழே விட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்றை அசோசியேஷன்கள் கண்டுகொள்வதே இல்லை. ஸ்பிளிட் ஏ.சி.யின் வடிகுழாய் சுவரோரம் தொங்கிக் கீழ்மாடி சன்ஷேடின்மேல் சொட்டிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போது அந்த ஒரு முழ இடம் மட்டும் பாசி பிடித்துக் கறுத்திருக்கும். இரவெல்லாம் நனையும், பகலில் காயும், மறுபடி நனையும். துருவுக்கு இதைவிடத் தோதான சூழல் அமையாது. அந்தச் சன்ஷேடின் அடியைப் பார்த்தால், சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே கம்பி வெளியே வந்திருக்கும். அந்த வடிகுழாயை ஒரு பைப்பில் சேர்த்துத் தரைக்கு இறக்காமல் சன்ஷேடைப் பூசுகிறவர் அடுத்த பழுதுக்கும் சேர்த்தே பூசுகிறார்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதத்தின் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் நாள்கணக்கில் நீரில் நின்றன. அதன்பிறகு தூணின் அடிப்பகுதி வெடித்த வீடுகளில் எல்லாப் பழியும் வெள்ளத்தின் தலையில் விழுந்தது. சில நாள் நீரில் ஊறியதற்காக மட்டும் ஒழுங்காக வார்த்த தூண் கெடாது. ஏற்கெனவே கவர் இல்லாமல், காரம் இழந்து நின்ற தூணை வெள்ளம் கொஞ்சம் முன்னதாகக் காட்டிக்கொடுத்தது.

இனி இரண்டாம் வழி. கடல் எட்டாத தாம்பரம் வட்டாரத்துக்கும் உப்பு வந்து சேரும். குரோம்பேட்டைக்குப் பெயர் வரக் காரணமே அங்கிருந்த குரோம் லெதர் தொழிற்சாலை. பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழில் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதற்கு உப்பைத் தேய்த்து வைப்பார்கள். கழுவும்போது அந்த உப்பு நீரோடு போகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வருவதற்கு முன் பல பத்தாண்டுகள் அது நிலத்தில்தான் இறங்கியது. அந்தப் பகுதி நிலத்தடி நீரின் உப்பை ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. அங்கே வீடு கட்டியவர் கலவைக்கும் ஆற்றுவதற்கும் எந்தத் தண்ணீரை எடுத்தார்? பெரும்பாலும் மனையிலேயே போட்ட போர்த் தண்ணீரை. ஐ.எஸ். 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மி.கி. குளோரைடு வரைதான் அனுமதிக்கிறது. கான்கிரீட்டில் எல்லாப் பொருள்களிலிருந்தும் சேர்ந்து கன மீட்டருக்கு 0.6 கிலோ வரை. ஒரு கன மீட்டருக்கு 200 லிட்டர் நீர் சேர்த்து, அந்த நீரில் லிட்டருக்கு 3,000 மி.கி. குளோரைடு இருந்தால், நீர் மட்டுமே அந்த 0.6 கிலோவையும் கொண்டுவந்துவிடும். மணலிலும் ஜல்லியிலும் இருப்பதற்கு அதன்பின் இடமே கிடையாது. ஆற்றுவதற்கு ஊற்றிய உப்புநீர் ஆவியாகிப் போனபின் மேல்தோலில் விட்டுச் சென்றது தனி. குடிக்க உதவாத தண்ணீர் வீடு கட்ட உதவும் என்ற நம்பிக்கை இந்தப் பகுதியில் கட்டடங்களுக்குச் செய்த கெடுதலைக் கடற்காற்று செய்திருக்க வழியில்லை.

கடல் இல்லாத ஊரிலும் குளோரைடு கட்டடத்தைக் கொல்லும் என்பதற்கு குருகிராம் சான்று. அங்கே சின்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 2022 பிப்ரவரி 10 அன்று ஒரு கோபுரத்தின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டடத்துக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. ஆராய்ந்த டெல்லி ஐ.ஐ.டி., கான்கிரீட்டிலேயே இருந்த குளோரைடு கம்பிகளை வேகமாக அரித்தது என்றும், பழுதுபார்த்து மீட்பது தொழில்நுட்பத்திலும் செலவிலும் கட்டுப்படியாகாது என்றும் சொன்னது. கட்டட வயதை மட்டும் வைத்து ஆபத்தை அளப்பவர்களுக்கு இந்த அறிக்கை போதுமான மறுப்பு.

ஆக, கொத்துவதற்கு முன் கேட்க வேண்டியது எந்த வழித் துரு என்பது. அதற்கு விடை காண்பது கடினமே அல்ல. தூணின் ஓரத்தை உளியால் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, பீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிக்க வேண்டும். காரம் உள்ள கான்கிரீட் சில நொடிகளில் அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் இழந்த வெளி அடுக்கு சாம்பல் நிறத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை பளிச்சென்று தெரியும்; ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். சிவப்பு எல்லை கம்பியைத் தாண்டி உள்ளே போயிருந்தால் கார்பனேற்றம் கம்பியை எட்டிவிட்டது. கம்பியைச் சுற்றி இன்னும் சிவப்பாக இருந்தும் கம்பி துருப்பிடித்திருந்தால் குளோரைடைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்போது சில தூண்களில் வெவ்வேறு ஆழத்தில் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும் ஹாஃப்செல் அளவையில் செப்பு-சல்ஃபேட் மின்வாய்க்கு எதிராக மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே காட்டும் இடங்களில் துரு நடந்துகொண்டிருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. இவையெல்லாம் சேர்ந்தாலும் மொத்த வேலைச் செலவில் சின்னப் பங்குதான். ஆனால் சந்தையில் ‘டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம்’ என்று காட்டப்படுவது பெரும்பாலும் ரீபவுண்ட் ஹேமர் அளவு மட்டுமே. அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளக்கும். கார்பனேற்றம் ஏறிய மேற்பரப்பு முன்னைவிடக் கடினமாகும் என்பதால், காரம் இழந்து நிற்கும் தூண் அந்தக் கருவியில் நல்ல எண்ணையே காட்டும். அதை நம்பித் தூணுக்கு நற்சான்று கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

இப்போது ஒட்டுவேலையை எடைபோடலாம். துரு என்பது மின்வேதியியல் வினை. துருப்பிடிக்கும் இடம் நேர்மின்வாயாக நின்று தன்னைக் கரைத்துக்கொள்ளும்போது, அதே கம்பியின் பக்கத்துப் பகுதி எதிர்மின்வாயாக இருந்து பாதுகாப்புப் பெறுகிறது. உப்பேறிய கான்கிரீட்டில் கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக்கலவை இட்டால், அந்த இடம் எதிர்மின்வாயாக மாறிவிடும். இதுவரை காக்கப்பட்டிருந்த பக்கத்துப் பகுதி, உப்பு அங்கேயும் இருப்பதால், கரையத் தொடங்கும். ஒட்டுப்போட்ட இடம் பளபளவென்று நிற்க, அதன் விளிம்பைச் சுற்றி ஒன்றிரண்டு மழைக்காலத்தில் புது விரிசல் வளையமிடும். மேஸ்திரி வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று சண்டை நடக்கும். பல நேரம் மேஸ்திரி சரியாகத்தான் செய்திருப்பார், தீர்மானம்தான் தவறு. ஐரோப்பாவில் இருநூறுக்கும் மேற்பட்ட பழுதுபார்ப்புப் பணிகளைப் பின்தொடர்ந்த ‘கான்ரெப்நெட்’ ஆய்வில், ஏறக்குறையப் பாதிப் பணிகள் பத்தாண்டுக்குள் தோற்றிருந்தன. மேற்பார்வை நம்மைவிட இறுக்கமான நாடுகளின் கணக்கு அது.

கார்பனேற்றம் மட்டும் நடந்த இடத்தில் நிலைமை வேறு. நீர் வரத்தை நிறுத்தி, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, கம்பி வெள்ளையாகும்வரை துருவைத் தேய்த்து, பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ இட்டு, மேலே கார்பன்-டை-ஆக்சைடைத் தடுக்கும் பூச்சு கொடுத்தால் அது நிற்கும். தாம்பரம் உட்பகுதியில் ஒட்டுவேலைக்கு நான் ஆதரவாகப் பேசுவது இதனால்தான். கொத்துவதில் மட்டும் சமரசம் கூடாது. கம்பியின் முன்பாதியை மட்டும் தேய்த்துவிட்டுப் பின்பாதியைப் பழைய கான்கிரீட்டில் விட்டுவைப்பதுதான் நடைமுறை. செலவு மிச்சப்படுவதும் அங்கேதான், வேலை தோற்பதும் அங்கேதான். கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெர்னியர் வைத்து அளப்பதும் அவசியம். 12 மி.மீ. கம்பி 10.7 மி.மீ. ஆகியிருந்தால் அதன் குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அங்கே பூச்சு போதாது, புதுக்கம்பி சேர்க்க வேண்டும்.

தூணைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டி வார்க்கும் ஜாக்கெட்டிங் பற்றி ஒரு வார்த்தை. முட்டுக் கொடுத்து மேல்பாரத்தை இறக்காமல் வார்த்த ஜாக்கெட் பழைய பாரத்தில் எதையும் சுமக்காது. பின்னால் ஏறும் பாரத்தில் மட்டுமே பங்கெடுக்கும். கம்பிகள் பீமுக்கு அடியிலேயே நின்றுவிட்டால் அந்தப் பங்கும் சந்தேகம். ஒரே வாரத்தில் எல்லாத் தூண்களின் கவரையும் கொத்திப்போட்டு, மேலே குடும்பங்கள் இருக்க, முட்டு இல்லாமல் நிறுத்திவைப்பது துருவைவிடப் பெரிய ஆபத்து.

மொட்டை மாடிக்கு வருவோம். இந்த ஊரின் பழைய முறை செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சராசரி மூன்று அங்குலம் போட்டு, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. சுண்ணாம்பு கொஞ்சம் இளகிக் கொடுக்கும், வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது சேர்ந்து நகரும், மயிரிழை விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளும், வெப்பத்தையும் தணிக்கும். இதற்கு நிகரான முறை இந்தத் தட்பவெப்பத்துக்கு அமையவில்லை என்பது பலரின் பற்று. அந்தப் பற்றில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இன்று சுண்ணாம்பு என்ற பெயரில் போடுவதில் சிமென்ட் கலக்கிறது. அடிக்க ஆளும் இல்லை, நாளும் இல்லை. சிமென்ட் கலந்த ஜல்லித்தளம் விறைத்து வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் ஜல்லிக்குள் தேங்கி, தளத்தைக் கோடையிலும் ஈரமாக வைத்திருக்கும். ஒழுகுகிறது என்று பழையதை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்குப் போடுகிறவர்களும் உண்டு. சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் பாரத்தை, கம்பி மெலிந்த தளத்தின் தலையில் ஏற்றுகிறார்கள். அதைத் தடுக்க அசோசியேஷனுக்குத் துணிவு வேண்டும்.

அக்ரிலிக், பாலியூரித்தேன் பூச்சுகள் இலேசானவை; வெள்ளை நிறத்தில் அடித்தால் வெயிலையும் திருப்பும். ஆனால் வெயில் பட்டே அவை தளர்கின்றன. சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியவை அவை. நிரந்தரத் தீர்வு என்று விற்பது ஏமாற்று. ஈரத் தளத்தின்மேல் அடித்தால் கொப்புளமாக எழும்பும். என் தீர்ப்பு: நல்ல நிலையிலுள்ள பழைய சுண்ணாம்புத் தளத்தை உடைக்காதீர்கள், தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, சாய்வையும் வடிவாயையும் சீராக்கினால் போதும். கெட்டுப்போனதென்றால் முழுக்க எடுத்துவிட்டு, தளம் காய்ந்தபின் பூச்சுக்குப் போங்கள்.

கம்பியையே காக்கும் வழிகளில் காரைக்குடிக்குத் தனி இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் மாதிரிகளை வைத்தே துருவை ஆராய்ந்தது. கம்பிக்கான சிமென்ட் சார்ந்த காப்புப் பூச்சு முறைகளை உருவாக்கியது. கம்பி வளைத்த பிறகு பூசக்கூடிய முறைகள் அவை. பூச்சு கீறினாலும் சுற்றியுள்ள சிமென்ட் காரம் துணைக்கு வரும். தொழிற்சாலையில் எபாக்சி பூசி வரும் கம்பி பார்வைக்கு அழகு. வளைக்கும்போதும் இழுக்கும்போதும் விழும் கீறலில் துரு உள்ளே புகுந்து பூச்சுக்கு அடியில் பரவும். ஃபுளோரிடா கீஸ் பாலங்களில் எபாக்சிக் கம்பிகள் பத்தாண்டுக்குள் துருப்பிடித்தது 1980களிலேயே தெரிந்துபோயிற்று. நம் ஊர் வேலையிடத்தில், வெயிலில் மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, தரையில் இழுத்துப்போகும் கம்பிக்கு அந்த முறை ஒவ்வாது. உப்பேறிய பழைய கட்டடத்தில் ஒட்டுவேலையோடு துத்தநாக நேர்மின்வாய்களைக் கம்பியில் கட்டிப் புதைப்பது வேறு கதை: துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு கம்பியைக் காக்கும், விளிம்பில் புதுத்துரு வளையம் கிளம்புவதைத் தள்ளிப்போடும். சென்னை ஐ.ஐ.டி. இதைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. தாம்பரத்து அசோசியேஷன்கள் கையில் வரும் விலைத்தாள்களில் இது இடம்பெறுவது அரிது.

கடைசியாக இடித்துக் கட்டுவது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட கட்டடம் சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்னதாக வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் எஃப்.எஸ்.ஐ.யை 1.5-லிருந்து 2 ஆக்கிய பின், 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்ற பின், துருப்பிடித்த சன்ஷேடைக் காட்டி முழுக்கட்டடமும் முடிந்துபோனது என்று பேசுவது வணிகமாகிவிட்டது. அந்தப் பேச்சுக்கு எந்தக் குளோரைடு அறிக்கையும் துணைக்கு வருவதில்லை. கார்பனேற்றத்தால் மட்டும் அடிபட்ட, தூண் கம்பி பெரிதும் தேயாத முப்பது வயதுக் கட்டடத்தை இடிக்கத் தேவையில்லை. மூத்த குடிமக்களை இரண்டு மூன்று ஆண்டு வாடகை வீட்டுக்குத் துரத்துவதும் தேவையில்லை. தூண்களில் ஆழம்வரை உப்பு இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால், அப்போது மறுகட்டுமானம்தான் நேர்மையான வழி. அங்கே ஒட்டுவேலைக்குப் பணம் வசூலிப்பதுதான் தவறு.

ஆகவே ஓர் அசோசியேஷன் கையெழுத்திடும் முன் விலைத்தாளில் நான்கு விவரம் இருக்கிறதா என்று பார்க்கட்டும்: ஒவ்வொரு தளத்திலும் அளந்த கார்பனேற்ற ஆழம், அதே இடத்தில் உள்ள கவர், கம்பி மட்டத்தில் குளோரைடு, தண்ணீர் வரும் வழியும் அதை அடைக்கும் வேலையும். இவை இல்லாத தாளை, பாலிமரின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடலாம். பம்மல், நாகல்கேணி பக்கத்துக் கட்டடமென்றால் மூன்றாவது விவரத்தையே முதலில் கேட்க வேண்டும். முடிச்சூர், சேலையூர் என்றால் நான்காவதை.